அம்மா நாற்காலியின் உயரம்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

அன்றைக்குப் போனை வைத்தது நான்தான். நீ கத்தியதற்குக் கோபப்பட்டு வைத்தேன் என்று நினைத்திருப்பாய். மருத்துவமனை வராந்தாவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், வெட்கமாக இருந்தது, வைத்துவிட்டேன். இனி இந்த விஷயத்தைப் போனில் பேச வேண்டாம். பட்டறையில் ரம்பம் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியவன் நீ, உனக்கு மெதுவாகப் பேச வராது. எனக்கோ யாராவது குரலை உயர்த்தினால் அழுகை முட்டிக்கொண்டு வரும். அதனால் எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

ஆபரேஷன் முடிந்தது, அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று மட்டும் செய்தி அனுப்பியிருந்தேன். முழுவதையும் இப்போது சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தேன். அம்மா தன் நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னலுக்குப் போயிருக்கிறாள். தெருவில் என்னத்தையோ பார்க்க. பொழுதுக்கும் எழுந்து எழுந்து போவாள் என்பது உனக்கே தெரியும். உட்காரம்மா, உட்காரம்மா என்று சொல்லி என் வாய்தான் வலிக்கும். நான் இறங்கி வந்தபோது ஜன்னலுக்குக் கீழே கிடந்தாள். வலது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆம்புலன்ஸ் வந்த அவசரத்தில் அவளுடைய கண்ணாடியை எடுத்துக்கொண்டு காது மெஷினை மேஜை மேலேயே விட்டுவிட்டேன்.

எலும்பு டாக்டர் சின்ன வயதுக்காரர். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. தொடை எலும்பு இடுப்புக்குள் போய்ச் சேரும் இடத்தில் கழுத்து மாதிரி ஒரு பகுதி இருக்கிறதாம், அது முறிந்துவிட்டது. இந்த வயதில் தானாக ஒட்டாது. மேலே இருக்கிற பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்க வேண்டும். “தொண்ணூத்தி மூணு வயசுல தாங்குவாங்களான்னு கேட்டா, தாங்கலாம், தாங்காமயும் போகலாம். ஆனா செய்யாம விட்டா படுக்கைதான். முதுகுல புண்ணு வரும், நெஞ்சுல சளி கட்டும். செய்றதுன்னா சீக்கிரம் செய்யணும்” என்றார்.

இதைத்தான் உனக்குப் போனில் சொன்னேன். அவளைக் கீறாமல் விட்டுவிடலாமா, வலிக்கு மட்டும் மருந்து கொடுக்கச் சொல்லலாமா என்று உன்னை ஒரு வார்த்தை கேட்டேன். “அம்மாவைச் சாகடிக்கப் பாக்கறியா?” என்று கேட்டாய். அதற்கப்புறம் நீ சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

டாக்டர் கேட்டதை நான் அம்மாவின் காதில் கத்திச் சொன்னேன். சரி என்றாள். கையெழுத்துப் போட்டேன்.

முதுகில் ஊசி போட்டுத்தான் செய்தார்கள். இதயம் நன்றாகத் தாங்கியது, அதில் டாக்டருக்கே ஆச்சரியம். ஆனால் அன்று மாலையிலிருந்து அம்மா இங்கே இல்லை. கண் திறந்திருக்கிறது, என்னைத் தெரியவில்லை. வலது கை விரலும் இடது கை விரலும் காற்றில் எதையோ பிடித்து முறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டே இருக்கின்றன. நர்ஸுகளுக்கு அது என்னவென்று புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அறுந்த நூலைச் சேர்க்கிறாள். மில்லில் தறிக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறாள். வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு இப்படி ஆவது உண்டு, பெரும்பாலும் தெளிந்துவிடும் என்கிறார்கள். நேற்று மருந்துக் குழாயைப் பிடுங்கிவிட்டாள் என்று துணியால் கையைக் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். கட்டாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையெழுத்துப் போட்டவள் நான், கட்டுண்டு கிடப்பவள் அவள்.

அக்கா


பிப்ரவரி 21

அக்காவுக்கு,

கத்தினதற்கு முதலில் மன்னிப்பு. அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகு அன்றைக்கு முழுக்க எந்தப் பலகையையும் நேராக அறுக்க முடியவில்லை, இரண்டு கதவு வீணாகப் போனது.

ஆனால் பார், நீயும் துணிந்துவிட்டாய், அம்மாவும் பிழைத்துவிட்டாள். நல்ல வேளை. புத்தி தெளிந்து உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள், முதலில் கேட்டதே “காப்பி இல்லையா?”தான் என்ற உன் செய்தியைப் பட்டறையில் எல்லாரிடமும் காட்டினேன். தொண்ணூற்று மூன்று வயதில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவளுக்குப் பிறந்தவன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. அம்மா சரி என்றாளா? நம்ம அம்மாவா? பல் பிடுங்கவே ஒற்றைக் காலில் நின்று மறுத்தவள், இதற்கு எப்படி உடனே தலையாட்டினாள்? என்ன சொன்னாள், எப்படிச் சொன்னாள், எழுது. நீ ஒற்றை வரியில் முடித்துவிட்டாய். கோர்ட்டில் டைப் அடித்து ஓய்வு பெற்றவள் நீ. யார் தும்மினார்கள் என்பது வரை அடிப்பாய். இதில் மட்டும் ஏன் இத்தனை சிக்கனம்?

அம்மாவிடம் யார் எதை மறைக்க முடியும் சொல்லு. நாம் முற்றத்தில் நின்று குசுகுசுவென்று சினிமாவுக்குப் போகத் திட்டம் போட்டால், உள்ளே கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டே கண்டுபிடித்துவிடுவாள். மில்காரியிடம் ரகசியம் நடக்காது என்பாளே. அந்த அம்மா திரும்ப வந்துவிட்டாள் என்பதே போதும்.

நானே வந்திருப்பேன். ஒரு ஓட்டலுக்கு மேஜை நாற்காலி முழுக்கச் செய்து தருவதாக ஒப்புக்கொண்டு மாட்டிக்கொண்டேன், நடுவில் விட முடியாது. அதற்குப் பதில் வீட்டில் என்னென்ன உயரம் மாற்ற வேண்டும் என்று எழுது. கட்டில் காலுக்கு அடியில் வைக்க நல்ல கட்டைகளாகச் சீவி அனுப்புகிறேன். நான் அவளுக்கு நாற்காலிக் காலை அறுத்துக் கொடுத்தபோது நீ சிரித்தாய். இப்போது பார், என் வேலைக்குத்தான் தேவை வந்திருக்கிறது.

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

கட்டைகள் வந்தன. கட்டில் உயர்ந்துவிட்டது. கழிவறை இருக்கைக்கு மேலே பொருத்த ஒன்று கடையிலேயே கிடைத்தது. சோபாவில் இரண்டு கெட்டி மெத்தை அடுக்கியாயிற்று. தாழ்வாக உட்காரக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, குனிந்து எதையும் எடுக்கக் கூடாது. மூன்றும் புது மூட்டுக்கு ஆகாது, நழுவிவிடும். பிசியோ பெண் வந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். “தாழ்வான நாற்காலி வேற ஏதாச்சும் இருக்காங்க?” என்று கேட்டாள். இல்லை என்றேன்.

அம்மா நடக்கிறாள்! வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசல் வரை வந்து, நான் உப்புப் போடுவதை நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறாள். “நான் இதை மேய்க்கறேனா, இது என்னை மேய்க்குதா?” என்று வாக்கரைக் கேட்கிறாள். பிசியோ பெண் சிரித்துச் சிரித்து எண்ணிக்கையை விட்டுவிட்டாள். “இந்த வயசுக்கு இவ்வளவு சீக்கிரம் நான் பாத்ததில்லை” என்று அவள் சொன்னதை அம்மா கேட்டாளோ இல்லையோ, அன்றிலிருந்து நடையே தனி.

இதையெல்லாம் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஆசுவாசமாக இல்லை. இரவில் தலையணையை அவள் முழங்காலுக்கு நடுவில் வைக்கும்போது என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒன்றும் கேட்பதில்லை. கேட்டுவிட்டால் நன்றாக இருக்கும்.

நீ கேட்டிருந்தாயே, அம்மா எப்படிச் சரி சொன்னாள் என்று. அதை வேறொரு நாள் எழுதுகிறேன். இன்று அவளுக்குத் தலைகுளிக்க வைக்க வேண்டும்.

அக்கா


ஏப்ரல் 3

தம்பிக்கு,

மூட்டு நழுவிவிட்டது. திரும்பப் பொருத்தியும் விட்டார்கள், பயப்படாதே. கீறவில்லை, மயக்கம் கொடுத்து இழுத்து உள்ளே தள்ளினார்கள். இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். ஆனால் இன்னொரு முறை நழுவினால் திறந்து வேறு விதமாக வைக்க வேண்டியிருக்கும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

எப்படி நழுவியது என்பதைக் கேள். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்கு முன்பே அவளுடைய நாற்காலியைப் பின்னறையில் தள்ளி வைத்திருந்தேன். அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. போன வாரம் அம்மா கேட்டாள். “என் நாற்காலிய எங்கடி ஒளிச்சு வெச்சே? சோபா எனக்கு ஆஸ்பத்திரி மாதிரியே இருக்கு.” இத்தனை பாடுபட்டவள் ஆசையாக ஒன்று கேட்கிறாளே என்று தூக்கி வந்து, துடைத்து, ஜன்னலோரம் பழைய இடத்திலேயே போட்டேன். அவள் உட்கார்ந்தாள். எழுந்திருக்க முன்னால் குனிந்தாள். எனக்கு அந்தச் சத்தம் கேட்டது.

அது தாழ்வான நாற்காலி என்று என் புத்திக்கு எட்டவே இல்லை, தம்பி. கட்டில் தாழ்வு, சோபா தாழ்வு, எல்லாம் பார்த்தேன். அம்மா நாற்காலி அம்மாவுக்கு அளவான நாற்காலி. அப்படித்தான் மனதில் பதிந்திருந்தது. பிசியோ பெண் கேட்டபோது இல்லை என்று சொன்னது பொய்யில்லை. அந்த நிமிஷம் அந்த நாற்காலி எனக்கு நாற்காலிக் கணக்கிலேயே வரவில்லை.

ஆம்புலன்ஸில் வலியோடு வலியாக என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். “போதுமா, பெரியவளே?”

இதற்கு மேல் மறைக்க என்னால் முடியாது. அம்மா அன்றைக்குச் சரி சொல்லவில்லை. நான் குனிந்து கத்திக் கேட்டேன். அவள் வாய் என் காதோரம் இருந்தது. “வேணாம். வீட்டுக்குப் போலாம்” என்றாள். தெளிவாகச் சொன்னாள், உளறவில்லை. டாக்டர் கால்மாட்டில் நின்றுகொண்டு, “என்ன சொல்றாங்க?” என்றார். நான் நிமிர்ந்து, “சரிங்கறாங்க டாக்டர்” என்றேன். எத்தனையோ சாட்சிகள் சொன்னதைச் சொன்னபடி அடித்த இந்தக் கை, என் அம்மா சொன்ன மூன்று வார்த்தையைத் தலைகீழாக மாற்றிக் கையெழுத்தும் போட்டது.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீ கத்தினாய், அவ்வளவுதான். உன் பேச்சைத் தள்ளியிருக்கலாம். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் மட்டும் என்ன செய்வேன் என்ற பயம் எனக்கு. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. அறுபத்தெட்டு வயதில் அம்மா வேண்டும் என்று அழுதால் ஊர் சிரிக்கும்.

அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு பதில் எழுதினேன். கிழித்துப் போட்டேன். அதில் உன்னை நன்றாகத் திட்டியிருந்தேன். காது கேட்காதவளிடம் இப்படிச் செய்யலாமா என்றெல்லாம் எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். அது முழுக்க எனக்கு நானே எழுதியதாக இருந்தது.

போனை நீ வைப்பதற்கு முன்னால் கடைசியாக நான் சொன்னது உன் காதில் ஏறவில்லை என்கிறாய். ஏறியிருக்கிறது. “அவங்களை ஏன் கேக்கறே? கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாங்க. நீ கையெழுத்தைப் போடு” என்றேன். அதை அப்படியே செய்திருக்கிறாய். வாய் உன்னுடையது, வார்த்தை என்னுடையது. இதைத் தெரிந்துகொண்டே போன கடிதத்தில் அம்மா எப்படிச் சரி சொன்னாள் என்று அப்பாவிபோல் கேட்டேன் பார், அதை நினைத்தால் இப்போது முகம் எரிகிறது.

அந்த நாற்காலி விஷயத்துக்கு வா. அதை அறுத்தது யார்? சில வருஷம் முன்னால் நான் லீவுக்கு வந்தபோது அம்மாவின் கால் தரைக்கு எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மரத்துப்போகுது என்றாள். அவள் சந்தைக்குப் போன நேரத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு நாலு காலையும் அறுத்துவிட்டேன். இவ்வளவு குறைக்கட்டுமா, இது போதுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்தாள், பார்த்தாள், உட்கார்ந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வாடிக்கைக்காரன் எவனாவது இருந்தால் உட்கார வைத்து முழங்காலுக்கு அளவெடுப்பேன். அம்மாவுக்குக் கண்ணாலேயே அளந்தேன்.

சின்ன வயதில் எது உடைந்தாலும் ‘இவதான்’, ‘இவன்தான்’ என்று அடித்துக்கொள்வோம். இப்போது என்னடா என்றால் நான்தான், நான்தான் என்று போட்டி. எப்போதும் பெரிய பங்கு உனக்குத்தான் வேண்டுமா? இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஓட்டல் வேலை போன மாதமே முடிந்துவிட்டது. வராததற்குக் காரணம் அது இல்லை. போன தடவை கிளம்பும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டேன். கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. அவளைப் படுக்கையில் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை, அதனால் உன்னை அங்கே நிறுத்திவிட்டு இங்கிருந்து வீரம் பேசினேன்.

அவளிடம் சொல்லிவிடு, அக்கா. காது மெஷினை மாட்டிவிட்டுச் சொல். அடுத்த தடவை டாக்டர் கேட்பதற்கு முன்னால் சொல். திட்டினால் எனக்கும் சேர்த்து வாங்கிக்கொள்.

தம்பி


ஏப்ரல் 30

தம்பிக்கு,

சொல்லிவிட்டேன்.

காலையில் அவளுக்கு முகம் துடைத்து, காது மெஷினை மாட்டி, எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். “அம்மா, அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீ வேணாம்னு சொன்னே. நான் டாக்டர்கிட்ட…” என்று தொடங்கினேன்.

“சரிங்கறாங்கன்னு சொன்னே” என்றாள்.

மெஷின் இல்லாமல் எப்படிக் கேட்டது என்றேன்.

“கேக்கறதாவது! கண்ணாடிதான் போட்டுவிட்டிருந்தியே. மில்லுல யாருடி காதால பேசினா? அந்தச் சத்தத்துல பக்கத்துல நிக்கறவ கத்தினாலும் கேக்காது. அந்தக் கடைசித் தறியில நிக்கறவ வாயைப் பாத்து அவ வீட்டுச் சண்டை பூரா தெரிஞ்சுக்குவோம். அந்த டாக்டர் வாயை மூடிக்கிட்டு இருந்தாரு, அவர் சொன்னது தெரியலை. உன் வாய் திறந்துதானே இருந்துச்சு?”

தம்பி, இது நமக்குத் தெரியாத விஷயமா? நீயே எழுதியிருந்தாய், கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண்டுபிடிப்பாள் என்று. காது மெஷின் வந்த நாளிலிருந்து, மெஷின் இல்லாவிட்டால் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்றே நடந்துகொள்ளப் பழகிவிட்டோம். அவளுக்கு முன்னாலேயே டாக்டரிடம் அவளைப் பற்றி என்னென்னவோ பேசியிருக்கிறேன். அத்தனையையும் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள்.

“அப்புறம் ஏம்மா சும்மா இருந்தே? தலையை ஆட்டியிருந்தாலே டாக்டர் நிறுத்தியிருப்பாரே?” என்று கேட்டேன்.

“ஆட்டத்தான் நெனச்சேன். அவரும் என்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தாரு. நீ பொய் சொல்றப்போ உன் வாய் ஒரு பக்கமா இழுத்துக்கும், சின்னதுலேர்ந்து அப்படித்தான். அது இழுத்துச்சு. பாத்தேன். சரி, இவ இன்னும் தயாராகலை, கொஞ்ச நாள் இருந்து தொலைப்போம்னு விட்டுட்டேன்.”

நான் அவள் மடியில் தலைவைத்து அழுதேன். புது மூட்டு இருக்கிற பக்கம் வேண்டாம், இந்தப் பக்கம் வா என்று தலையை நகர்த்தி வைத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டேன். “கேட்டுட்டியா? எழுந்திரு, கால் மரத்துப்போகுது” என்றாள். அவ்வளவுதான்.

பாரம் இறங்கிவிடும் என்று நீ நினைத்திருப்பாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். இறங்கவில்லை. அவள் சம்மதம் இல்லாமல் செய்துவிட்டேன் என்று இத்தனை நாள் புழுங்கினேன். இப்போது, என் பயத்துக்காக அவள் தன்னைக் கீறக் கொடுத்தாள் என்று தெரிந்துவிட்டது. எது கனம் என்று சொல்லத் தெரியவில்லை. அம்மாவுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினாள்.

நேற்று டாக்டரிடம் போனோம். மெஷின் காதில், கண்ணாடி மூக்கில். உள்ளே போனதும் அம்மா அவரைப் பார்த்து, “அந்தத் துணியக் கொஞ்சம் இறக்குங்க, தம்பி. உங்க வாயையும் பாத்துக்கறேன்” என்றாள். அவர் சிரித்துக்கொண்டே முகமூடியை இறக்கினார். மீசை இன்னும் சரியாக முளைக்காத பிள்ளை. மறுபடி நழுவினால் என்ன செய்யலாம் என்று, முதல் முறையாக, அவளையே கேட்டார்.

அம்மா யோசித்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “நீ சொல்லு. ஒரு வார்த்தை மாத்தாம சொல்லு” என்றாள். அவளால் நேராகவே சொல்ல முடியும், அவருக்கும் நன்றாகக் கேட்கும். ஆனாலும் என்னைத்தான் சொல்லச் சொன்னாள். அவள் ஒவ்வொரு துண்டாகச் சொன்னாள், நான் அப்படியே திருப்பிச் சொன்னேன். “கழண்டா இழுத்து மாட்டுங்க.” “கழண்டா இழுத்து மாட்டுங்கங்கறாங்க.” “மாட்ட முடியலேன்னா விட்டுடுங்க.” “மாட்ட முடியலேன்னா விட்டுடுங்கங்கறாங்க.” “கத்தி வேணாம்.” என் குரல் உடைந்துவிட்டது. அம்மா காத்திருந்தாள். “கத்தி வேணாங்கறாங்க, டாக்டர்” என்று சொல்லி முடித்தேன். என் வாய் ஒரு பக்கமும் இழுக்கவில்லையா என்று பார்த்துவிட்டுத்தான் கண்ணை எடுத்தாள்.

அக்கா


மே 11

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். கண்ணில் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். மரத்தூள் பறக்கிற இடத்தில் அது ஒரு வசதி.

மாதக் கடைசியில் வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன், இனிமேல் பின்வாங்க முடியாது. அம்மாவுக்குப் புது நாற்காலி செய்யப் போகிறேன். எழுந்திருக்கும்போது ஊன்றிக்கொள்ள இரண்டு பக்கமும் உறுதியான கை, கால் தொங்காமல் இருக்கத் தனியாக ஒரு பலகை. அறுத்த பழைய நாற்காலியை என் கண்ணில் படாமல் எங்காவது போட்டுவிடு.

பலகை எடுத்து வைத்துவிட்டேன். இன்னும் அறுக்கவில்லை. எவ்வளவு உயரம் வேண்டும் என்று அம்மாவைக் கேட்டு எழுது. டாக்டர் சொல்கிற உயரம் எனக்குத் தெரியும், அதற்குக் கீழே போக மாட்டேன். அதற்கு மேலே அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை அவளே சொல்லட்டும். நீ அவளுக்காக யோசித்துச் சொல்லாதே. அவள் சொன்னதை அப்படியே எழுது, என்ன சொன்னாலும்.

தம்பி


மே 19

தம்பிக்கு,

என்ன சொன்னாலும் அப்படியே எழுது என்று நீ கேட்டிருக்கிறாய். கேட்காமல் இருந்திருக்கலாம்.

அம்மாவைக் கேட்டேன். “ஜன்னல் கட்டைக்கு மேல என் கண்ணு வரணும். முன்ன அப்படித்தானே இருந்துச்சு, அவன் அறுக்கறதுக்கு முன்னாடி” என்றாள்.

எனக்கு உடனே புரியவில்லை. பின்னறைக்குப் போய் அந்த நாற்காலியை எடுத்து வந்து, பழைய இடத்தில் போட்டு, நானே உட்கார்ந்து பார்த்தேன். முதுகு கூனின அம்மாவின் உயரத்துக்குக் குனிந்தும் பார்த்தேன். கட்டையும் ஒரு துண்டு வானமும் தெரிந்தன. தெரு தெரியவில்லை. எதிர்க்கடை வாசலில் நின்று பேசுகிறவர்கள் யாரும் தெரியவில்லை. அவர்கள் வாயைப் பார்த்து ஊர்க்கதை பூராவும் தெரிந்துகொள்வதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு என்று இப்போதுதான் சொல்கிறாள். நீ காலை அறுத்த பிறகு உட்கார்ந்தபடி பார்க்க முடியவில்லை. அதனால்தான் பொழுதுக்கும் எழுந்து எழுந்து போயிருக்கிறாள். உட்கார் உட்கார் என்று நான் அதட்டிக்கொண்டிருந்தேன். விழுந்த அன்று கடைக்கார அம்மாவும் அவள் மருமகளும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களாம். பாதியில் விட மனசில்லையாம்.

ஏனம்மா இதை அப்போதே சொல்லவில்லை என்றேன். “அவன் அவ்வளவு ஆசையா அறுத்துக் குடுத்துட்டு நின்னான். அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?” என்றாள். நம் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துப் பார்த்தே அவள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

இதை உனக்கு எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் வைத்திருந்தேன். பெரிய பங்கு வேண்டும் என்று நீ சண்டை போட்டாய், அது உனக்கு இப்படி வந்து சேர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவள் சொன்னதை மாற்றிச் சொல்கிற வேலையை நான் விட்டுவிட்டேன். தரையிலிருந்து ஜன்னல் கட்டை வரை நாடா வைத்து அளந்து, அம்மாவை வாக்கரோடு நிற்க வைத்து, உட்கார்ந்தால் கண் இங்கே வந்தால் போதும் என்று அவள் சொன்ன இடத்தில் சுவரில் கோடு போட்டிருக்கிறேன். நீ வந்து பார்த்துக்கொள்.

கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “அழுவான்” என்றாள். பிறகு, “அழுதுட்டு வரட்டும்னு எழுது” என்றாள். எழுதிவிட்டேன். பேனாவை மூடப் போனபோது கையைப் பிடித்தாள்.

“ரம்பத்தை மட்டும் கொண்டுவர வேணாம்னு சொல்லு.”

அக்கா